யமனுக்கு விழுந்த இரண்டாவது உதை

2006 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் கூடியிருந்த வானியலாளர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டி, புளூட்டோவைக் கோள் பதவியிலிருந்து இறக்கினார்கள். திருக்காட்டுப்பள்ளியில் அன்று ஒரு கடைகூட அடைக்கவில்லை. கடையடைப்புக்குச் சோம்பல்படுகிற ஊர் இல்லை இது. குடமுருட்டி பிரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காவிரியில் தண்ணீர் வரவில்லை என்றால் சும்மா இருப்போமா? ஆனால் சூரியனிலிருந்து 590 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றும் ஒரு பனிக்கட்டிக்கு வேலை போனால், அதற்காக யார் ஷட்டரை இறக்குவது?

தவிர, எங்கள் பக்கத்து ஒன்பது பேரில் புளூட்டோ என்றைக்கும் இருந்ததில்லை. சூரியன் சூரியனார்கோவிலில், சந்திரன் திங்களூரில், செவ்வாய் வைத்தீஸ்வரன்கோவிலில், புதன் திருவெண்காட்டில், குரு ஆலங்குடியில், சுக்கிரன் கஞ்சனூரில், ராகு திருநாகேஸ்வரத்தில், கேது கீழப்பெரும்பள்ளத்தில் என்று ஆளுக்கொரு ஊரில் குடியேறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சனி மட்டும் திருநள்ளாற்றில், அதாவது புதுச்சேரி ஆட்சி எல்லைக்குள் இருக்கிறார். ஏன் என்று அவரைக் கேட்க யாருக்கும் துணிவில்லை. பிராகில் என்ன முடிவானாலும் இவர்களைச் சுற்றிவருகிற வேன்களில் ஒன்றுகூடக் குறையாது.

இருந்தாலும் புளூட்டோ நமக்குச் சம்பந்தமில்லாத ஆள் என்று கைகழுவ முடியாது. புளூட்டோ ரோமானியர்களின் பாதாளத்து அதிபதி; நம் கணக்கில் யமன். எங்கள் ஊர்ச் சுவாமி அக்னீஸ்வரர், தீயாடியப்பர், அக்னி பூஜித்த தலம். எண்திசைக் காவலர் வரிசையில் அக்னிக்குத் தென்கிழக்கு, அடுத்த நாற்காலியான தெற்கு யமனுக்கு. ஆக, பக்கத்து நாற்காலிக்காரர். மேலும், யமன் உதைபடுவது காவிரிக் கரைக்குப் புதிதில்லை. மார்க்கண்டேயன் மேல் பாசக்கயிற்றை வீசப்போய்த் திருக்கடையூரில் சிவனிடம் உதை வாங்கியவர்தான். பிராகில் விழுந்தது இரண்டாவது. முதல் உதை வேலையை ஒழுங்காகப் பார்த்ததற்கு. இரண்டாவது உதை பார்க்காததற்கு.

எந்த வேலை என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவருக்கு அந்த உத்தியோகம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்துவிடலாம். அதில்தான் கோளாறே இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் பஞ்சாலைச் சொத்து படைத்த குடும்பத்தில் பிறந்தவர் பெர்சிவல் லோவல். பணம் இருந்தது, நேரம் இருந்தது, யார் பேச்சையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாதிருந்தது. 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் கட்டி, செவ்வாயைப் பார்க்க உட்கார்ந்தார். பார்த்தவருக்குச் செவ்வாய் முழுக்க வாய்க்கால் தெரிந்தது. துருவத்துப் பனி உருகும் தண்ணீரை வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோக அந்த ஊர்க்காரர்கள் வெட்டியது என்று புத்தகமே எழுதினார். ஆயிரக்கணக்கான மைல் வாய்க்காலைப் பார்த்த மனிதர் ஒரு மதகையாவது பார்த்ததாகச் சொல்லவில்லை. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர்கூட அங்கே மறியல் செய்யவுமில்லை. டெல்டாக்காரன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான், அது வாய்க்கால் இல்லை என்று.

வாய்க்காலோடு நிறுத்தியிருந்தால் புளூட்டோ தப்பித்திருக்கும். ஆனால் லோவலுக்குக் கணக்கும் வரும். யுரேனஸின் நடையில் தெரிந்த சிறு தடுமாற்றத்தை வைத்துத்தான் 1846இல் நெப்டியூனைப் பேனா முனையிலேயே பிடித்திருந்தார்கள். அதன் பிறகும் யுரேனஸ் கொஞ்சம் தள்ளாடுவதாக லோவலுக்குப் பட்டது. அப்படியானால் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொருவர் இருந்தாக வேண்டும். எடை பூமியைப் போல் ஏழு மடங்குக்குக் கிட்டத்தட்ட. பெயர் எக்ஸ் கோள். 1906இலிருந்து தேடினார். 1916இல் காலமானார். வேடிக்கை என்னவென்றால், 1915இல் அவருடைய ஆய்வகம் எடுத்த படத்தகடுகளிலேயே புளூட்டோ இரண்டு தடவை விழுந்திருந்தது. ஏழு பூமி எடையுள்ள பெரிய மனிதரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், மூலையில் நின்ற பொடியனைக் கண்டுகொள்ளவில்லை.

லோவல் போனதும் உயிலை எதிர்த்து அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் வழக்குப் போட்டார். வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது, தேடல் நின்றது. பாகப்பிரிவினை வழக்கு பார்த்த குடும்பங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

வழக்கு ஓய்ந்து ஆள் எடுத்தபோது வந்து சேர்ந்தவர் கிளைட் டாம்பா, கான்சாஸ் மாநிலத்து விவசாயி மகன். 1928இல் ஆலங்கட்டி மழை அடித்து வீட்டுப் பயிர் மொத்தமும் போயிற்று. விவசாயத்தில் இனி விடிவில்லை என்று முடிவு செய்தவர், பழைய பியூக் கார் உதிரிபாகத்தையும் பண்ணைத் தட்டுமுட்டுச் சாமானையும் சேர்த்துத் தானே கட்டிய தொலைநோக்கி வழியே பார்த்து வரைந்த படங்களை ஃபிளாக்ஸ்டாஃபுக்கு அனுப்பினார். 1929இல் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி படம் எடுப்பது, உலைக்கு விறகு போடுவது, கூரைமேல் விழுந்த பனியைத் தள்ளுவது, வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது எல்லாம் அவர் தலையில். பகலில் ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, லட்சக்கணக்கான புள்ளிகளில் எது நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். 1930 பிப்ரவரி 18 அன்று ஒரு புள்ளி நகர்ந்தது. வயது 24. பின்னால் இவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது, ஒரு கோளையே கண்டுபிடித்தவனை வானியல் ஆரம்ப வகுப்பில் உட்கார வைக்க முடியாது என்று பேராசிரியர் மறுத்துவிட்டாராம். இந்தக் கதையில் தலைக்கனம் இல்லாத ஒரே ஆள் டாம்பாதான்.

லோவலின் பிறந்தநாளான மார்ச் 13 அன்று செய்தியை உலகுக்குச் சொன்னார்கள். முதல்நாள், மார்ச் 12, காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்குக் கிளம்பியிருந்தார். இங்கே யாருக்கு வானத்தை அண்ணாந்து பார்க்க நேரம்? ஏப்ரல் 13 ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்ட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 வேதாரண்யத்தில் உப்பள்ளி ராஜாஜி கைதானார். மறுநாள் மே 1, ஃபிளாக்ஸ்டாஃபில் புதுக் கோளுக்குப் பெயர் அறிவித்தார்கள். தஞ்சை ஜில்லாவில் அந்த வாரம் விஷயம் உப்புதான். புளூட்டோவுக்கு இங்கே வரவேற்பு இல்லாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

பெயர் வைத்ததும் ஒரு கூத்து. லோவலின் மனைவி முதலில் ஜீயஸ் என்றார், பிறகு கணவர் பெயர் என்றார், கடைசியில் தன் பெயரையே வைக்கலாமே என்றார். பத்து வருஷம் வழக்கு நடத்தித் தேடலை முடக்கியதற்கு வானத்தில் சிலை! நல்லவேளையாக ஆக்ஸ்ஃபோர்டில் வெனிஷியா பர்னி என்ற பதினொரு வயதுப் பெண், தாத்தா காலைச் சாப்பாட்டின்போது பேப்பரைப் படித்துச் சொன்னதும் ‘புளூட்டோ’ என்றாள். அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தும் பெர்சிவல் லோவலின் தலையெழுத்தாக அமைந்ததால் ஃபிளாக்ஸ்டாஃபில் எல்லாருக்கும் திருப்தி. பேத்திக்குத் தாத்தா கொடுத்த பரிசு ஐந்து பவுண்டு.

உத்தியோகம் கிடைத்த கையோடு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. ஏழு பூமி எடை என்று சொல்லி நியமித்தார்கள். அடுத்த வருஷமே ஒரு பூமி எடை இருக்கும் என்றார்கள். 1948இல் பத்தில் ஒரு பங்கு. 1976இல் நூறில் ஒரு பங்கு. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் துணையான சாரோனைக் கண்டுபிடித்ததும் எடையைச் சரியாகப் போட வழி கிடைத்தது: பூமியில் ஏறக்குறைய 460இல் ஒரு பங்கு. நம் நிலாவில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். இதே வேகத்தில் இளைத்தால் 1984இல் புளூட்டோ அடியோடு மறைந்துவிடும் என்று டெஸ்லர், ரஸ்ஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980இல் கிண்டலாகக் கட்டுரையே எழுதினார்கள். இந்தப் பொடிப்பயலால் யுரேனஸைத் தள்ளாட வைக்க முடியாது. பின்னே தள்ளாட்டம் எங்கிருந்து வந்தது? 1989இல் வாயேஜர் 2 நெப்டியூனைத் தாண்டிப்போய் அதன் எடையைத் திருத்திக் கொடுத்தது. அதை வைத்து 1993இல் மறுகணக்குப் போட்டபோது தள்ளாட்டமே இல்லை என்று தெரிந்தது. அதாவது, இல்லாத காலியிடத்துக்கு, தப்பான தகுதிச் சான்றிதழோடு, வேறொருவரைத் தேடப்போன இடத்தில் தற்செயலாக அகப்பட்டவரை நியமித்திருக்கிறார்கள். வானத்தில் மட்டும் நடக்கிற விஷயமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

கோள் பதவி பறிபோவதில் புளூட்டோ முன்னோடியுமில்லை. அந்தப் பெருமை ஒரு பெண்தெய்வத்துக்கு உரியது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாட்ஸி கண்டெடுத்த கோளுக்கு சீரஸ் என்று பெயர். ரோமானியர்களுக்குத் தானியம் கொடுக்கும் தாய். நெல் விளைகிற பூமியில் கோவில் கட்டியிருக்க வேண்டிய அம்மன். பின்னாலேயே பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பதினொரு கோள் என்று ஐரோப்பியப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 1845க்குப் பிறகு வருஷா வருஷம் புதிதாக வர ஆரம்பித்து, பட்டியல் இருபதைத் தாண்டியது. வாத்தியார்களுக்கே மூச்சு முட்ட, 1850களில் அத்தனை பேரையும் சத்தமில்லாமல் சிறுகோள் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். தீர்மானமும் இல்லை, மஞ்சள் அட்டையும் இல்லை. சீரஸுக்காக ஒரு பிள்ளையும் அழவில்லை.

இதில் நஷ்டப்பட்டது சென்னை. நார்மன் போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக நுங்கம்பாக்கம் வந்தார். வந்த சூட்டோடு ஏப்ரல் 17 அன்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். வரிசை எண் 67. ஐம்பது வருஷம் முந்தி வந்திருந்தால் நுங்கம்பாக்கம் கண்டெடுத்த கோள் என்று பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். தாமதமாக வந்ததால் கூட்டத்தோடு கூட்டமாயிற்று. மனிதர் சளைக்காமல் சாஃபோ, சில்வியா, கமீலா, வேரா என்று மேலும் நான்கைப் பிடித்தார். அதில் சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று 2005இல் தெரியவந்தது. முழுக் கோள் என்று மார்தட்டுகிற சுக்கிரனுக்கும் புதனுக்கும் ஒன்றுகூடக் கிடையாது.

புளூட்டோவுக்கும் அதே வழியில்தான் ஆபத்து வந்தது: சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1992இல் ஜூவிட், லூ என்ற இருவர் நெப்டியூனுக்கு அப்பால் ஒரு சிறு பனிக்கட்டியைக் கண்டார்கள். பிறகு நூறு, ஆயிரம் என்று கைப்பர் பட்டை முழுக்கப் புளூட்டோவின் பங்காளிகள். 2000இல் நியூயார்க்கில் திறந்த புதுக் கோளரங்கத்தில் கோள்கள் வரிசையில் புளூட்டோவை வைக்கவில்லை. அதன் இயக்குநர் நீல் டைசனுக்குப் பள்ளிப் பிள்ளைகள் திட்டித் திட்டிக் கடிதம் எழுதினார்கள். 2005இல் மைக் பிரவுன் குழுவினர் அறிவித்த பொருள், பிற்காலத்தில் ஏரிஸ் என்று பெயர் பெற்றது, எடையில் புளூட்டோவை மிஞ்சியது. இனி இரண்டே வழி: ஏரிஸைப் பத்தாவதாகச் சேர்த்துப் பின்னால் வருகிற எல்லாருக்கும் கதவைத் திறப்பது, இல்லை, புளூட்டோவை வெளியே அனுப்புவது.

அந்தப் பஞ்சாயத்துதான் பிராகில் சர்வதேச வானியல் சங்கத்தின் பொதுச்சபையில் நடந்தது. சங்கம் நமக்கு அந்நியமில்லை. காவலூர் ஆய்வகத்தை எழுப்பிய வைணு பாப்பு 1979இல் இதற்குத் தலைவரானவர். 1985இல் பொதுச்சபை டெல்லியிலேயே கூடியது. அப்போதெல்லாம் யாரும் புளூட்டோ மேல் கைவைக்கவில்லை. பிராகில் முதலில் வந்த வரைவு கல்யாண வீட்டு மனசோடு எழுதியது: உருண்டையாக இருந்து சூரியனைச் சுற்றினால் போதும், கோள்தான். சீரஸுக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து மறுநியமனம், புளூட்டோ நிரந்தரம், ஏரிஸ் உள்ளே, துணைக்கோள் என்று நாம் நினைத்த சாரோனும் உள்ளே, மொத்தம் 12. காத்திருப்போர் பட்டியலில் இன்னும் ஒரு டஜன். சபை கொதித்தது. ஒரு வாரம் காப்பி இடைவேளைதோறும் சண்டை. கடைசி நாள் கடைசி அமர்வில் வாக்கெடுப்பு. சங்கத்தின் உறுப்பினர்கள் பத்தாயிரத்தை ஒட்டி; கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல்; வாக்கெடுப்பில் இருந்தவர்கள் 424 பேர். மற்றவர்கள் விமானம் பிடிக்கப் போய்விட்டார்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூட இதைவிட ஆள் வரும்.

தீர்மானத்தை விளக்க மேடையேறியவர் ஜோசலின் பெல் பர்னல். பல்சரைக் கண்டுபிடித்தவர், அதற்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய வழிகாட்டிக்குப் போயிற்று. தகுதிக்கும் பதவிக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்த அளவு அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் ஒரு குடையை விரித்தார். டிஸ்னியின் புளூட்டோ நாய்ப் பொம்மையை எடுத்து வைத்தார். குடை என்பது கோள் என்கிற பெயர். மீதி எட்டுப் பேரோடு, புதிதாக வகுத்த குள்ளக்கோள்களும் அதன் கீழ் ஒதுங்கலாமா என்பது கேள்வி. ஒதுங்கலாம் என்றவர்கள் 91 பேர்தான். நாய் வெளியே நின்றது. புளூட்டோவைக் குள்ளக்கோள் என்றும் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஒரு புது வகைக்கு முன்மாதிரி என்றும் அறிவிக்கும் தீர்மானம் 237க்கு 157 என்று நிறைவேறியது.

விதிகள் மூன்று. சூரியனைச் சுற்ற வேண்டும். சொந்த ஈர்ப்பால் உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும். தன் பாதையைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். முதல் இரண்டிலும் புளூட்டோ பாஸ். மூன்றாவதுதான் நான் மேலே சொன்ன பார்க்காத வேலை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னால் அவனவன் வாய்க்காலைத் தூர்வாரியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கோள் என்று பட்டயம் வாங்கியவர் தன் தடத்தில் கிடப்பதை விழுங்க வேண்டும், இல்லை தூக்கி எறிய வேண்டும், இல்லை தன் சொல்பேச்சு கேட்க வைக்க வேண்டும். பூமி தன் தடத்தில் மிச்சம் கிடக்கும் அத்தனையையும் கூட்டினாலும் அதைப் போல் 17 லட்சம் மடங்கு கனம், துப்புரவாக வாரியாயிற்று. புளூட்டோ தன் தடத்து மிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காட்டாமணக்கு மண்டிய வாய்க்காலில் அதுவும் ஒரு செடி. கிளை வாய்க்காலாவது சொந்தமா என்றால் அதுவுமில்லை. நெப்டியூன் மூன்று சுற்று வருவதற்குள் புளூட்டோ இரண்டு சுற்று என்று முறைப்பாசனக் கணக்கு. அந்த முறையை வைத்தவர் நெப்டியூன். தடங்கள் குறுக்கிட்டும் இருவரும் மோதிக்கொள்ளாதது அதனால்தான். 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தபோதும் ஒரு சச்சரவும் வரவில்லை. வாராமலே வாரியதாகக் கணக்குக் காட்டிப் பணம் வாங்குகிற வித்தை தெரிந்திருந்தால் தப்பித்திருக்கும். ஆனால் அந்த வித்தைக்குப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் இருக்க வேண்டும்.

இதே மூன்று விதியை நம் நவக்கிரகங்கள் மேல் வைத்தால் வம்பு. சூரியன் நட்சத்திரம், தன்னைத்தானே வலம்வர முடியாது. சந்திரன் நம்மைச் சுற்றுகிற துணைக்கோள். ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை சூரியன் போகும் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள். உருண்டை என்ன, உடம்பே கிடையாது. ஒன்பதில் ஐந்துதான் தேறும். ஆனால் பிராக் அதிகாரம் கும்பகோணத்தில் செல்லாது. திருநாகேஸ்வரத்தில் ராகுகாலப் பாலபிஷேகத்துக்கு நிற்கிற கூட்டத்திடம் போய், இது புள்ளிதான் என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஒதுக்கிவிட்டு வரிசை நகரும்.

புளூட்டோ பதவியில் இருந்தது 76 வருஷம். அறுபது முடிந்தது, எழுபதும் முடிந்தது; திருக்கடையூரில் எண்பதுக்குச் செய்கிற சதாபிஷேகத்துக்கு நாலு வருஷம் இருக்கும்போது வேலை போயிற்று. யமன் அந்த ஊரில் எண்பது கொண்டாடியிருப்பாரா என்பது வேறு விஷயம். அதன் கணக்குப்படி ஒரு வருஷம் நமக்கு 248 வருஷம் என்பதால், மொத்த சர்வீஸ் நாலு மாசம்கூட இல்லை. தகுதிகாண் பருவத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இன்னும் ஆறவில்லை. தங்கள் ஊர் வானத்தில் தெரிகிறபோதெல்லாம் புளூட்டோ கோள்தான் என்று நியூ மெக்ஸிகோ சட்டசபை 2007இல் தீர்மானம் போட்டது. டாம்பா வெகுகாலம் அங்கே வாழ்ந்தவர். அரிசோனா 2024இல் புளூட்டோவைத் தன் மாநிலக் கோளாக அறிவித்தது. இதற்கிடையில், 2006 ஜனவரியில் கோள் ஒன்றைப் பார்க்க டாம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையை ஏற்றிக்கொண்டு கிளம்பிய நியூ ஹொரைஸன்ஸ் விண்கலம், 2015 ஜூலை 14 அன்று குள்ளக்கோள் ஒன்றைக் கடந்து போயிற்று. போகிற வழியில் அதற்குப் பெயர் மாறியதை யாரும் கலத்துக்குச் சொல்லவில்லை; அது எடுத்தனுப்பிய படத்தில் நைட்ரஜன் பனிச் சமவெளியும் நீர்ப்பனி மலைகளும் அப்படியே இருந்தன.

என் தீர்ப்பு இதுதான்: நியமனமே தப்பு, நீக்கியது சரி, நீக்கிய விதம் அசிங்கம். கடைசி நாளில் பெரும்பாலோர் பெட்டி கட்டிய பிறகு கைதூக்கி முடிவெடுப்பது நம் ஊராட்சிகளுக்கே உரிய கலை. அதை வானியலாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்டுபிடித்த நாளிலிருந்து புளூட்டோ ஒரு சுற்றை முடிக்க 2178 ஆகும் என்பதால் அதற்கு அவசரம் ஒன்றுமில்லை. அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சங்கத்தின் அடுத்த பொதுச்சபை 2027இல் ரோமில். மனுவோடு பூதலூரில் ரயிலேறுகிறவர்கள், புளூட்டோவுக்கு முன்னால் வேலை இழந்த சீரஸின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். நெல் ஊர்க்காரர்கள் நாம் கேட்காவிட்டால் தானியத்துக்கு அதிபதியான அந்த அம்மாளுக்காக வேறு யார் கேட்கப்போகிறார்கள்?